தேரைகளை எண்ணும் இரவுகள்

பிப்ரவரி மாதக் கடைசியில், பகல் முழுவதும் தூறிவிட்டு, இருட்டிய பிறகும் குளிர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத இரவுகள் சில பிரிட்டனில் வரும். அந்த இரவுகளில் ஊர்ப்புறச் சாலைகள் பலவற்றில், ஒளிரும் மேற்சட்டையும் டார்ச் விளக்கும் பிளாஸ்டிக் வாளியுமாகச் சிலர் மெல்ல நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், செவிலியர், கல்லூரி மாணவர், பிள்ளைகளை உடன் அழைத்து வந்த பெற்றோர் எனப் பலதரப்பட்டவர்கள். குளிர்கால உறக்கத்திலிருந்து எழுந்து, தாம் பிறந்த குளத்தை நோக்கிச் செல்லும் தேரைகளை எடுத்து வாளியிலிட்டு, சாலையின் மறுபக்கம் சேர்ப்பதே அவர்களது வேலை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளிலும் இது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் தேரைக்குப் பதிலாகப் பெரும்பாலும் சாலமாண்டர்கள்.

தென்னிங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரிலும் அத்தகைய குழு ஒன்று உண்டு. ஐந்து ஆண்டுகளாக அதில் இருக்கிறேன். பொள்ளாச்சியில் வாழும் என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “ஏங்கண்ணு, தேரையத் தூக்கி உடறதுக்கு ஒரு சங்கமா?” என்று சிரித்தார். தேங்காய்ப் பருப்பு வற்றிப்போனால் தேரை மோந்துவிட்டது என்றும், குழந்தை இளைத்தால் தேரை விழுந்துவிட்டது என்றும் பழிசொல்லிப் பழகிய மண் நம்முடையது. அவர் சிரித்ததில் வியப்பில்லை. எனினும், இதனால் தேரை இனத்துக்கு உண்மையில் என்ன நன்மை என்ற கேள்வி அந்தச் சிரிப்புக்குள் இருந்தது. அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டுமானால், தேரை எதற்காகச் சாலையைக் கடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பாவின் சாதாரணத் தேரை, ஆண்டின் பெரும்பகுதியை நீரிலிருந்து விலகி, காட்டிலும் வேலியோரப் புதர்களிலும் தோட்டங்களிலும் கழிக்கிறது. முட்டையிட மட்டுமே அதற்கு நீர் வேண்டும். வழியில் கண்ட குட்டைகளில் அது இறங்குவதில்லை. ஆழமும் பழமையும் கொண்ட ஒரு குறிப்பிட்ட குளத்தை நாடி, தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் செல்கிறது. சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் அந்தப் பயணம் நீளலாம். ஒரு வட்டாரத்துத் தேரைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஈரமும் இதமும் கூடிய சில இரவுகளில் புறப்படுவதால், ஓராண்டுக் கூட்டம் முழுவதும் ஒரே சாலையின் இருநூறு, முந்நூறு மீட்டர் நீளத்தில் வந்து குவிகிறது. குளம் அங்கேயே பன்னெடுங்காலமாக இருந்திருக்கும். தார்ச்சாலை குறுக்கே வந்தது பிற்பாடு.

தவளை தாவிச் சென்றுவிடும், தேரை நடக்கும். ஓர் ஒற்றைத் தடச் சாலையைக் கடக்க அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். வாகன வெளிச்சம் பட்டால் ஓடாமல் உறைந்து நிற்கும். உருவில் பெரிய பெண் தேரையின் முதுகில், வழியிலேயே ஆண் ஒன்று ஏறி இறுகப் பற்றிக்கொண்டிருந்தால் நடை இன்னும் தளரும். ஆண் தேரைகளுக்கோ வேறொரு பழக்கம்: வருகிற பெண்ணைக் காண வசதியாக, புல்லும் புதருமற்ற சமதளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருக்கும். சாலையைவிட வசதியான இடம் வேறு ஏது?

இதன் விளைவை அளந்து பார்த்த ஆய்வுகள் உண்டு. 1973-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, மணிக்கு வெறும் 10 வாகனங்கள் செல்லும் சாலையிலேயே, கடக்க முயலும் பெண் தேரைகளில் 30 விழுக்காடு மடிந்துவிடும் என்று கணித்தது. மணிக்கு 10 வாகனங்கள் என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒன்று; நம் பார்வையில் அது ஆளரவமற்ற சாலை. 2001-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் இருவர், நாளொன்றுக்குச் சுமார் 3,200 வாகனங்கள் ஓடும் சாலையைக் கடக்கும் தவளை, தேரை போன்ற உயிரினங்கள் கொல்லப்படும் வாய்ப்பு, இனத்தைப் பொறுத்து 34 முதல் 61 விழுக்காடு வரை என்று காட்டினர். அதிவேக நெடுஞ்சாலையில் அது 89 முதல் 98 விழுக்காடு. பிரிட்டனில் மட்டும் ஆண்டுதோறும் 20 டன் எடையுள்ள தேரைகள் சாலைகளில் நசுங்குவதாக, அந்நாட்டுத் தன்னார்வக் குழுக்களை ஒருங்கிணைக்கும் ‘ஃப்ராக்லைஃப்’ அமைப்பு மதிப்பிடுகிறது.

ஆயிரக்கணக்கில் முட்டையிடும் உயிரினம்தானே, சில நூறு போனால் என்ன என்று கேட்கத் தோன்றும். முட்டைகளும் தலைப்பிரட்டைகளும் பெருமளவில் அழிவது இயற்கையின் கணக்கிலேயே உள்ளது. குளத்தில் நெருக்கம் குறைந்தால் எஞ்சியவை நன்கு வளர்ந்து, இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். வளர்ந்த பெண் தேரையின் கதை வேறு. அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மீன், நாரை, வறட்சி, பனி அனைத்தையும் தாண்டி அந்த வயதை எட்டிய ஒன்று, முட்டைகளைச் சுமந்துகொண்டு குளத்துக்குப் பத்தடி தொலைவில் சக்கரத்தில் அகப்படுகிறது. இந்த இழப்பை ஈடுசெய்ய இயற்கையில் எளிய வழி எதுவும் இல்லை.

இனி, வேலை நடக்கும் விதம். தேரைகள் பெருவாரியாகக் கடக்கும் இடங்களைத் தன்னார்வலர்கள் அடையாளம் கண்டு பதிவு செய்கிறார்கள். சிவப்பு முக்கோணத்துக்குள் கருந்தேரை உருவம் பொறித்த எச்சரிக்கைப் பலகையை அங்கு நிறுவச் சட்டத்தில் இடமுண்டு. மாலை இருட்டியதும் இருவர் மூவராகக் களமிறங்குவோம். கையில் தூளற்ற கையுறை அணிவோம், அல்லது கையை ஈரப்படுத்திக்கொள்வோம். தேரையின் தோல் சுவாசிக்கும் தோல், நம் கையிலுள்ள களிம்பும் உப்பும் அதற்கு ஆகாது. எடுத்த தேரையை, அது எத்திசை நோக்கிச் சென்றதோ அத்திசையில் சாலைக்கு அப்பால் புல்லில் விட வேண்டும். ஆர்வமிகுதியால் நேரே குளத்தில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது. எந்தக் குளம் என்பதைத் தேரை அறியும், நாம் அறியோம். ஒரு குளத்துத் தேரையை வேறொரு குளத்துக்கு எடுத்துச் செல்லவே கூடாது. உலகெங்கும் தவளை இனங்களைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சை போன்ற நோய்களை நம் வாளியே பரப்பிவிடக்கூடும்.

மிக முக்கியமான விதி ஒன்று உண்டு; புதியவர்களுக்கு அதுதான் பிடிப்பதில்லை. ஒவ்வோர் இரவும் எத்தனை தேரைகளைக் கடத்தினோம், எத்தனை செத்துக் கிடந்தன, ஆண் எத்தனை, பெண் எத்தனை, வானிலை எப்படி இருந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும். உயிருள்ளதைத் தூக்கிவிடுவதில் மனநிறைவு இருக்கிறது. நசுங்கிக் கிடப்பதைக் குனிந்து பார்த்து ஆணா பெண்ணா என்று குறிப்பதில் எந்த நிறைவும் இல்லை. மழையில் நனைந்த தாளில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டிருக்கும்போது, இது எதற்கு என்ற சலிப்பு எனக்கும் வந்ததுண்டு.

சில ஊர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றுள்ளன. பாத் நகரை ஒட்டிய சார்ல்கம் பகுதியில், ஒரு சாலையையே ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு மூடிவிடுகிறார்கள். கனடாவின் பர்லிங்டன் நகரம், அழிவின் விளிம்பிலுள்ள ஜெஃபர்சன் சாலமாண்டருக்காக 2012 முதல் கிங் சாலையின் ஒரு பகுதியை வசந்தகாலத்தில் சில வாரங்கள் மூடுகிறது. ஜெர்மனியில் சாலையோரமாக முழங்கால் உயரத்தில் தற்காலிக வேலி கட்டி, அதன் அடியில் இடைவெளி விட்டு வாளிகளை மண்ணில் புதைக்கிறார்கள். வேலியில் முட்டி, அதன் ஓரமாக நடந்து வாளியில் விழும் தேரைகளைத் தினமும் காலையில் எண்ணி மறுபக்கம் கொண்டு சேர்க்கிறார்கள். வாகனங்களுக்கு நடுவே இருட்டில் மனிதர் நிற்க வேண்டிய ஆபத்து இம்முறையில் குறைவு. பிரிட்டனிலும் இது பரவலாக வேண்டும் என்பது என் விருப்பம்.

இவ்வளவும் செய்து பலன் என்ன? 2016-இல் ‘பிளாஸ் ஒன்’ ஆய்விதழில் சில்வியு பெத்ரோவன், பெனடிக்ட் ஷ்மிட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது; கேட்க இனிய விடை அன்று. பிரிட்டனில் 153, சுவிட்சர்லாந்தில் 141 கடவுகளில் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவைத்த எண்ணிக்கைகளைத் திரட்டி அவர்கள் ஆராய்ந்தனர். இடைப்பட்ட காலத்தில் தன்னார்வலர்கள் கைகளால் சாலையைக் கடந்த தேரைகள் இலட்சக்கணக்கில். ஆனாலும், 1980-களிலிருந்து ஒவ்வொரு பத்தாண்டிலும், இரு நாடுகளிலும், தேரைகளின் தொகை தொடர்ந்து சரிந்திருந்தது. பிரிட்டனில் முப்பது ஆண்டுச் சரிவு சராசரியாக 68 விழுக்காடு. அருகிவரும் உயிரினங்களுக்கான சிவப்புப் பட்டியலில் இடம்பெறும் எல்லையை, ‘சாதாரணம்’ என்று பெயரிலேயே கொண்ட இத்தேரை கிட்டத்தட்ட எட்டிவிட்டது.

இந்த ஆய்வைக் காட்டி, வாளி தூக்குவது வீண்வேலை என்று வாதிடுவோரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களது தருக்கத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. தூக்கிவிடாமல் இருந்திருந்தால் சரிவு எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை அந்த எண்கள் சொல்லவில்லை. மேலும், தேரையின் துன்பம் சாலையோடு முடிவதில்லை. குளங்கள் தூர்க்கப்படுகின்றன, வேலிப் புதர்கள் அழிக்கப்படுகின்றன, பூச்சிக்கொல்லிகள் இரையை ஒழிக்கின்றன. தென்னிங்கிலாந்தின் டார்செட் பகுதியில் 1983 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வொன்று, குளிர்காலம் மிதமாக மாற மாறப் பெண் தேரைகளின் உடல்நிலை நலிவதையும் அவை பிழைத்திருக்கும் வாய்ப்பு குறைவதையும் கண்டறிந்தது. இவற்றுக்கெல்லாம் வாளி மருந்தாகாது.

வாளியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். குளத்துக்குச் செல்லும் பயணத்தை மட்டுமே நாங்கள் காக்கிறோம். முட்டையிட்ட பிறகு பெரியவை தனித்தனியே, வெவ்வேறு நாள்களில், யாரும் கவனிக்காமல் திரும்புகின்றன. கோடையில் கட்டைவிரல் நகம் அளவேயுள்ள குஞ்சுத் தேரைகள் மழை பெய்த நாளில் கூட்டமாகக் கரையேறி அதே சாலையைக் கடக்கின்றன. அவற்றை எடுப்பது இருக்கட்டும், மிதிக்காமல் நடப்பதே கடினம்.

ஆயினும் அந்த 68 விழுக்காடு என்ற எண்ணே எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். அரிய உயிரினங்களுக்குக் கணக்கெடுப்பும் நிதியும் உண்டு. சாதாரணத் தேரையை எண்ண எந்த அரசும் ஆள் வைக்காது. நனைந்த தாளில் பென்சில் கோடுகள் இல்லாவிட்டால், ஒரு நாட்டின் தேரைகளில் பெரும்பகுதி மறைந்த செய்தி யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். தூக்கிவிடுவது அந்த ஆண்டின் தேரைகளுக்கு நாங்கள் செய்யும் உதவி. எண்ணுவதோ அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்குச் செய்யும் உதவி. சித்தப்பாவுக்கு நான் சொன்ன விடை இதுதான்.

அந்த எண்கள் பொறியாளர் கைக்குப் போகும்போது நிலையான தீர்வுக்கு வழி பிறக்கிறது. 1987-இல் இங்கிலாந்தின் ஹென்லி நகருக்கு அருகே ஹாம்பிள்டனில் நாட்டின் முதல் தேரைச் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் நகரில், ஹென்றி தெருவின் அடியில் புள்ளிச் சாலமாண்டர்களுக்கென இரு சுரங்கங்கள் அமைந்தன. கேட்க எளிதாகத் தோன்றும். செய்வதில் நுணுக்கம் அதிகம். வறண்ட, இருண்ட குழாய்க்குள் ஈரத்தோல் உயிரினம் நுழையத் தயங்கும். ஆகவே மழைநீரும் காற்றும் சிறிது வெளிச்சமும் உள்ளே வருமாறு, சாலை மட்டத்தில் துளைகளுள்ள மேற்புறம் அமைக்க வேண்டும். இருபுறமும் வழிகாட்டும் தாழ்சுவர் இல்லையேல் சுரங்கம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. அந்தச் சுவரில் ஓரிடத்தில் உடைப்பு, அல்லது வாயிலில் சருகு அடைப்பு என்றால் அந்த ஆண்டு முழுதும் பயனில்லை. கட்டித் திறந்துவிட்டு மறந்துபோகும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

செலவு குறைந்த திருத்தங்களும் உள்ளன. சாலையோரம் செங்குத்தாக எழும் விளிம்புக் கல்லைத் தேரையால் ஏற முடியாது. அதை ஒட்டியே நடந்து, மழைநீர் வடிகாலின் கம்பி இடுக்கு வழியே குழிக்குள் விழுந்து மடியும். வடிகாலுக்கு அருகே விளிம்புக் கல்லில் சிறு குழிவு விட்டால் அது சுற்றிக்கொண்டு போய்விடும். குழிக்குள் ஒரு சிறு ஏணி, அதாவது சொரசொரப்பான பட்டை ஒன்றைச் சாய்த்து வைத்தால், விழுந்தது ஏறி வந்துவிடும். சக்கரத்தில் சாகாமல் வடிகாலில் சாகும் தேரைகள் நெடுங்காலம் யார் கணக்கிலும் வராதிருந்தன. மூடியைத் திறந்து பார்த்து எண்ணியவர்களும் தன்னார்வலர்களே.

என் சித்தப்பா வீட்டிலிருந்து மலையேறினால், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் வால்பாறை. அங்கும் இதேபோல் வாளி ஏந்தலாமா என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. அப்படியே நகலெடுத்தால் பயன் தராது என்பதே என் எண்ணம். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளின் வாழ்முறை வேறு. அங்குள்ள புதர்த் தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. முட்டைக்குள்ளேயே உருமாற்றம் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளிவரும். குளம் தேடிச் செல்லும் தேவையே அவற்றுக்கு இல்லை. ஓடையில் முட்டையிடுபவை, மழைக்குட்டையில் முட்டையிடுபவை என ஏனையவையும் பலவகை. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாதங்கள் முழுவதும், சாலையின் எந்த வளைவிலும், எந்த இரவிலும் அவை கடக்கலாம். சில இரவுகளில் ஒரே இடத்தில் குவியும் ஐரோப்பியத் தேரைக்கு வகுத்த முறை இங்கே பொருந்தாது.

சாவு மட்டும் பொதுவானது. ஆனைமலைச் சாலைகளில் மடியும் தவளை, பாம்பு முதலியவற்றைப் பற்றிய ஆய்வு 2001-லேயே ‘ஹமட்ரையட்’ இதழில் வெளிவந்துவிட்டது. மண்ணுக்குள் வாழும் கேடய வால் பாம்புகளும், மண்புழு என்றோ பாம்பு என்றோ நம்மவர் தவறாக எண்ணும் காலற்ற சிசிலியன்களும் மழை இரவுகளில் தார்ச்சாலைக்கு வந்து நசுங்குகின்றன. உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை இவற்றுள் பல. 2003-இல் அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளை, ஆண்டில் சில நாள்களே மண்ணுக்கு மேலே வருகிறது. அதன் இரண்டாவது இனம், 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. இவ்வளவு குறுகிய காலத்தில் வெளிவரும் உயிரினத்தின் தடத்தில் சாலை குறுக்கிட்டால், அங்கு மட்டும் இரவுக் காவல் பொருந்தக்கூடும்.

தொடங்கும் இடம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. வால்பாறையில் சிங்கவால் குரங்குகள் கடப்பதற்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குக் கூட்டம் வரும்போது வாகனங்களை நிதானப்படுத்தக் காவலர்களும் நிற்கிறார்கள். பந்திப்பூரில் 2009 முதலும், திம்பம் மலைப்பாதையில் 2022 முதலும் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ளது. யானையையும் சிறுத்தையையும் நினைத்துக் கொண்டுவந்த தடைதான். மழைக்கால இரவில் அதனால் தவளைகளும் பிழைக்கின்றன என்றே கருதுகிறேன். அந்தத் தடைகளைத் தளர்த்தக் கோரிக்கை எழும்போதெல்லாம் இந்தப் பயனை யாரும் எண்ணிக்கையோடு எடுத்துவைப்பதில்லை. வைக்க எண்ணிக்கை வேண்டுமே!

மலைச்சாலை அகலப்படுத்தப்படும் போது சிறுபாலங்களும் வடிகால்களும் புதிதாகக் கட்டப்படுகின்றன. சிறுபாலத்தின் வாய் ஓடையின் அடிமட்டத்தோடு சேர்ந்திருக்கிறதா, அல்லது முழங்கால் உயரத்தில் தொங்குகிறதா. வடிகாலின் சுவர் சரிவாக இருக்கிறதா, செங்குத்தாக இருக்கிறதா என்பவை அப்போதே தீர்மானிக்கப்படுகின்றன. கட்டி முடித்த பிறகு மாற்றுவது கடினம். எந்த வளைவில், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகே சாவு அதிகம் என்ற பட்டியல் கையில் இருந்தால், நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்பதற்கு ஏதாவது இருக்கும். மலையடிவாரக் கல்லூரி மாணவர்களும் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்களும் இதைச் செய்ய இயலும். வனத்துறையின் அனுமதியோடு, பகல் விடிந்ததும் வாகனங்கள் பெருகுமுன் நடந்தாலே போதும், இருட்டில் கொண்டை ஊசி வளைவில் நிற்க வேண்டியதில்லை. குறிப்பேட்டில் தேதி, நேரம், முந்தைய இரவு மழை பெய்ததா, கிலோமீட்டர் கல், உயிருள்ளவை, இறந்தவை என ஆறு கட்டங்கள் போதும். இனத்தின் பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துவைத்தால், பெரும்பாலானவற்றை ஆய்வாளர்கள் பிறகு அடையாளம் கண்டுகொள்வார்கள்.